நெடியோர் நடுவே

கூடைப்பந்தாட்டம் நெடியோர்க்கே உரியது என்னும் எண்ணம் பலர் உள்ளத்தில் வேரூன்றி நிற்கிறது. ஆட்டக்குழுவிற்குப் பிள்ளைகளைத் தெரிந்தெடுப்போர் பலர் முதற்கண் அவர்தம் உயரத்தையே அளக்கின்றனர். அளவிற் குறைந்தோர் பந்தைத் தொடுமுன்னரே திருப்பி அனுப்பப்படுகின்றனர். இவ்வழக்கம் முறையன்று.

உயரத்தாற் பயனில்லை என்பாரும் உண்மை கூறுவாரல்லர். 1891-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர் இவ்வாட்டத்தை வகுத்தார். அப்பொழுது பீச்சுப்பழக் கூடைகள் இரண்டு பயிற்சிக் கூடத்தின் மேல்மாடக் கைப்பிடியில் அறையப்பட்டன. அக்கைப்பிடி தரைக்கு மேல் 10 அடி உயரத்தில் இருந்தது. தற்செயலாய் அமைந்த அவ்வளவே இன்றுவரை வளையத்தின் உயரமாக நிலைத்துவிட்டது. 7 அடி மனிதன் நின்றவாறே கையை நீட்டினால் வளையத்தை எட்டச் சில அங்குலமே குறையும். 5 அடி 9 அங்குலத்தானுக்கோ இரண்டடிக்கு மேற் குறையும். இருவரும் கூடையின்கீழ் நின்று கைநீட்டினால் வெற்றி எவர்க்கு என்பது வெளிப்படை.

ஆயினும் ஆட்டம் என்பது நின்று கைநீட்டும் போட்டி அன்று. இங்கே சட்டமும் குறியோனுக்குத் துணை நிற்கிறது. கூடையை நோக்கி எறிந்த பந்து உச்சியை அடைந்து வளையத்திற்கு மேலே இறங்கத் தொடங்கிய பின்னர்த் தடுப்போன் அதனைத் தொடலாகாது. நெடியோர் சிலர் வளையத்தருகே நின்று, விழவரும் பந்தையெல்லாம் தட்டியெறிந்தமையால், அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் இத்தடை 1944-இல் ஏற்பட்டது. இன்று, பின்பலகையைத் தொட்டுவிட்ட பந்தும் வளையத்திற்கு மேலே உள்ளவரை அவ்வாறே காக்கப்படுகிறது. தடுப்போன் அதனைத் தட்டினால் கூடையில் விழுந்ததாகவே புள்ளி வழங்கப்படும். இதனை அறியாமலே பல ஆண்டுகள் ஆடுவோரும் உளர்!

ஆகவே, பந்து கையை விட்டு எழுந்து உச்சியையோ பலகையையோ அடையும் வரையுள்ள சிறுபொழுதே நெடியோனுக்கு உரியது. அப்பொழுதைச் சுருக்குவதே குறியோனின் கலை. அவன் கூடையின் பக்கவாட்டில் விரைந்து சென்று, பந்தைப் பலகையில் உயரப் பதிக்கிறான். அல்லது தடுப்போனை நெருங்குமுன்னரே, ஏழெட்டடித் தொலைவிலிருந்து அவன் விரல்நுனிக்கும் மேலாக மெல்லென எறிந்துவிடுகிறான். சில வேளைகளில் கூடையின்கீழ் ஓடிக் கடந்து, மறுபுறத்திலிருந்து பந்தை ஏற்றுகிறான்; வளையமும் வலையுமே அப்பொழுது அவனுக்குக் கேடயமாகின்றன. எறிவதுபோற் காட்டி நிறுத்துவதும் உண்டு. மேலெழுந்த நெடியோன் தரைக்கு மீண்டாக வேண்டுமன்றோ? அவன் இறங்கும்போது பந்து மேலேறுகிறது. நிலைகொண்டு நிற்பவனை இடித்துத் தள்ளுதல் குற்றம். ஆனால் இடிக்காமல் அவனை ஒட்டி நின்று, ஓடிக் குதிப்பதற்கு அவனுக்கு இடமில்லாமற் செய்தல் குற்றமன்று.

அமெரிக்க ஆட்டக்காரர் ஐசயா தாமஸ் 5 அடி 9 அங்குல உயரமே உடையவர். 2011-இல் அந்நாட்டின் என்.பி.ஏ. குழுக்கள் புதிய ஆட்டக்காரர் 60 பேரைத் தெரிந்தெடுத்தபோது, அறுபதாமவராகவே அவரை எடுத்தன. அவரோ 2016–17 ஆட்டப் பருவத்தில் பாஸ்டன் குழுவிற்காக ஆடி, ஆட்டமொன்றுக்குச் சராசரி 28.9 புள்ளிகள் ஈட்டினார். தொலைவிலிருந்து எறிந்தே அவர் அவற்றையெல்லாம் பெற்றாரல்லர். தம்மினும் ஓரடி உயர்ந்தோர் காத்துநின்ற கூடையடியிற் புகுந்து, இடக்கையாற் பந்தைப் பலகையிற் பதித்துப் பெற்றவை பல. 59 பேருக்குப் பின்னே அவரை நிறுத்திய அளவுகோல் எதனை அளந்தது?

இக்கலை பிறவியில் வருவதன்று. இரு கையாலும் எறியவும், எக்காலாலும் எழும்பவும் பழகுதற்குப் பல மாதங்கள் வேண்டும். அப்பழக்கத்திற்குப் பந்தும் களமும் வேண்டும். அளந்து பார்த்த அன்றே வெளியேற்றப்பட்ட சிறுவன் இவற்றை எங்கே பெறுவான்? தெரிந்தெடுப்போர் அவனையும் ஒரு பருவம் களத்தில் வைத்திருத்தல் வேண்டும். பின்னர்க் குழுவில் மிக உயர்ந்தவனைக் கூடையடியில் நிறுத்தி, அவனுக்கு எதிரே இச்சிறுவனைப் பத்துமுறை புகவிட்டு, எத்தனை பந்து உள்ளே விழுகிறது என்று எண்ணிப் பார்க்கட்டும்.