பட்டறைக்கு ஒரு பிள்ளை

ஸ்டுட்கார்ட், ஜெர்மனி

கோயம்புத்தூர்ப் பட்டறைச் சொந்தங்களுக்கு,

அவினாசி சாலை மேம்பாலத்துக்கு 2025இல் ஜி.டி. நாயுடுவின் பெயரை வைத்தார்கள். செய்தியைப் படித்தபோது மனசு நிறைந்துபோனது. அந்தப் பாலம் கடந்துபோகும் இடங்களில் ஒன்று ஹோப் காலேஜ். இறங்கிப் பார்த்தால் அந்தப் பெயரில் அங்கே காலேஜ் இல்லை. 1945இல் நாயுடு வாரிக் கொடுத்த நன்கொடையில், அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்கின. அந்தப் பொறியியல் கல்லூரிதான் பிறகு தடாகம் சாலைக்குப் போய் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி, அதாவது ஜி.சி.டி. ஆனது. கொடுத்தவர் தன் பெயரை வைத்துக்கொள்ளவில்லை. இப்போது பாலத்துக்கு அவர் பெயரை நாம் வைத்துவிட்டோம். அவர் செய்துவந்த வேலையை யார் எடுத்துச் செய்வது? அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

அவர் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் நம் பிள்ளைகளுக்காக ஒருமுறை சொல்லிக்கொள்வோம். 1893இல் கலங்கல் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு சின்ன வயதிலேயே நின்றுபோனது. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, அதை வாங்குவதற்காகவே கோவையில் ஓட்டலில் சர்வராக வேலை செய்து காசு சேர்த்தார். வாங்கியதும் ஊர் சுற்றக் கிளம்பவில்லை. பாகம் பாகமாகக் கழற்றி, திரும்பப் பூட்டிப் பார்த்தார். அதுதான் அவர் படித்த காலேஜ்.

1920இல் கோவைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸின் உதவியோடு ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். அந்த ஒற்றை வண்டிதான் வளர்ந்து யு.எம்.எஸ். பஸ் நிறுவனம் ஆனது. பீளமேட்டில் 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து அவர் உருவாக்கிய மின் மோட்டாரைத்தான் இந்தியாவில் செய்த முதல் மோட்டார் என்று இன்றும் பெருமையாகச் சொல்கிறோம். கிணற்றடியில் ஓடும் பம்புசெட்டிலிருந்து அடுப்படியில் ஓடும் கிரைண்டர் வரை, நம் ஊர்ச் சோற்றில் பாதி மோட்டாரில் வந்ததுதானே.

1944இல் மோட்டார்த் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகி, ஆராய்ச்சி உதவித்தொகை, தொழிலாளர் நலம், ஒடுக்கப்பட்டோர் நலம் என்று தன் செல்வத்தைத் திருப்பிவிட்டார். பணம் கொடுத்தவர்கள் நம் ஊரில் இன்னும் பலர் உண்டு, அவர்களையும் வணங்குகிறேன். நாயுடு அதற்கு மேலும் ஒரு படி போனார். ஹோப்பின் பெயரில் தொடங்கிய அந்தக் கல்லூரிக்கு முதல்வராகவும் உட்கார்ந்தார். தொழில் கற்க நான்கு வருடம் தேவையில்லை, கையால் செய்து படித்தால் இரண்டு வருடம் போதும் என்றார். அரசாங்கம் ஒப்பவில்லை, பதவியை விட்டு வெளியே வந்தார். ஏழை வீட்டுப் பையனின் இளமையில் இரண்டு வருடம் என்றால் என்ன விலை என்று, சர்வர் வேலை பார்த்த அவருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய கொடையிலேயே பெரியது இந்த அக்கறைதான் என்று நினைக்கிறேன்.

இதை இங்கே ஜெர்மனியில் தினமும் நினைத்துக்கொள்கிறேன். என் அப்பா கோவை கணபதியில் லேத் ஓட்டியவர். நான் இங்கே மெஷின் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பள்ளி முடித்த பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் இங்கே கம்பெனியோடு பயிற்சி ஒப்பந்தம் போடுகிறார்கள். வாரத்தில் சில நாள் பட்டறை, மிச்ச நாள் தொழிற்பள்ளி. மெஷின் வேலைகளுக்கு மூன்றரை வருடம் வரை பயிற்சி. கற்கும்போதே மாதச் சம்பளம். கடைசியில் தொழில் வணிகக் கழகம் பரீட்சை வைத்துச் சான்று கொடுக்கும். பத்துப் பேர் வேலை செய்யும் குடும்பப் பட்டறைகூடப் பையன்களைச் சேர்த்துக்கொள்கிறது. சொல்லிக்கொடுப்பதற்கென்றே தகுதி பெற்ற ஒருவர் அங்கே இருப்பார்.

நம் ஊரிலும் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் எப்படி? டீ வாங்கிவரவும் இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளவும் நிற்கிற பையன், மேஸ்திரியின் கையை ஓரக்கண்ணால் பார்த்துத் தொழிலைத் திருட வேண்டியிருக்கிறது. "கத்துக்கொடுத்தா பக்கத்துப் பட்டறைக்குப் போயிருவானுங்க" என்று நீங்கள் சொல்வது எனக்குத் தெரியும். போகத்தான் செய்வான். நாயுடுவோடு மோட்டார் செய்த பாலசுந்தரம்தான் பின்னாளில் டெக்ஸ்டூல் கம்பெனியைத் தொடங்கினார். அதனால் கோவை தேயவில்லை, பெருத்தது. ஆவாரம்பாளையத்திலும் கணபதியிலும் இன்று பட்டறை வைத்திருக்கிறவர்களில் எத்தனை பேர், இன்னொருவர் பட்டறையில் கற்றுக்கொண்டு வெளியே வந்தவர்கள் என்று எண்ணிப் பாருங்கள். போனவன்தான் நாளைக்கு உங்களிடம் ஜாப் ஆர்டர் வாங்குவான், உங்களுக்கும் கொடுப்பான்.

எனவே என் வேண்டுகோள் இதுதான். ஒவ்வொரு பட்டறையும் வருடத்துக்கு ஒரு பிள்ளையையாவது முறையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐ.டி.ஐ. படிக்கிற பிள்ளையாக இருக்கட்டும், படிப்பை நிறுத்திய பிள்ளையாக இருக்கட்டும். என்ன கற்றுத்தருவீர்கள் என்பதை எழுதி வையுங்கள்: டிராயிங் படிப்பது, வெர்னியரும் மைக்ரோமீட்டரும் பிடிப்பது, லேத், மில்லிங், சி.என்.சி. செட்டிங். கற்கும் காலத்துக்குச் சம்பளம் கொடுங்கள். வாரத்தில் ஒரு நாள் வகுப்புக்கு விடுங்கள். பெண்பிள்ளை வந்து கேட்டால் அவளுக்கும் மெஷினில் இடம் கொடுங்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம் பவுண்டரிச் சூட்டில் நிற்கிற பையன்களையும் வெறும் கையாளாக வைத்திருக்காமல் தொழில்காரர்களாக ஆக்குங்கள். அவர்களும் ஊரை விட்டு வந்தவர்கள். கடல் தாண்டி வந்து பிழைக்கிற எனக்கு, யாராவது பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக்கொடுத்தால் எவ்வளவு தெம்பு வரும் என்று தெரியும்.

1961லேயே இதற்கென்று தொழில் பழகுநர் சட்டம் வந்துவிட்டது. கொடிசியா போன்ற சங்கங்கள் நம்மிடம் இருக்கின்றன. சின்னப் பட்டறைகள் நாலைந்து சேர்ந்து, வகுப்பு எடுக்க ஒரு ஆளைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் இருக்கும் எங்களால் அதற்கான செலவில் பங்கு போட முடியும்; விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது வகுப்பும் எடுக்க முடியும். நான் தயார். என்னைப் போலப் பலரும் தயாராக இருப்பார்கள்; நீங்கள் கூப்பிட வேண்டியதுதான் பாக்கி.

ஜூன் மாதம் ஐ.டி.ஐ. சேர்க்கை நேரம். அதற்குள் உங்கள் சங்கக் கூட்டத்தில் இதை ஒருமுறை பேசி முடிவெடுங்கள்.

உங்கள் ஊர்ப்பிள்ளை,
கணபதியிலிருந்து வந்தவன்