கட்டிய கையை அவிழ்த்து விடுங்கள்

காது கேளாத சேரிப் பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை ஊட்ட வேண்டுமாம். மேடைக்கு மேடை சொல்கிறார்கள். கேட்கக் கேட்க எரிச்சலாக வருகிறது. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கத்துச் சேரிகளில் பத்து வருஷமாகச் சுற்றுகிறேன். தன்னம்பிக்கை இல்லாத பிள்ளைகளை நான் பார்க்கவில்லை. மொழி கொடுக்கப்படாத பிள்ளைகளைத்தான் பார்க்கிறேன்.

எட்டாவதோடு நின்றுபோன அருந்ததியர் வீட்டுப் பையன் ஒருவனை விசைத்தறியில் சேர்த்துக்கொண்ட முதலாளி சொன்னார்: "செவிட்டுப் பையன்தானுங்க தறிக்குத் தோது. சத்தம் ஒண்ணும் பண்ணாது. எதுத்தும் பேசமாட்டான்." பள்ளிக்கூடத்தில் கேட்டால், "ஊமைப் பையனுங்க, மூலையில உக்காந்திருப்பான், பாஸ் போட்டு அனுப்பிச்சுட்டோம்" என்றார்கள். எட்டு வருஷம்! சைகை தெரிந்த வாத்தியார் ஒருவர்கூட அங்கே இல்லை.

1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய கல்வி மாநாடு, காது கேளாதோருக்குச் சைகை வேண்டாம், வாய்ப்பேச்சே போதும் என்று தீர்மானம் போட்டது. போட்டவர்களில் ஏறக்குறைய எல்லோரும் காது கேட்கிறவர்கள். அதற்கு வருத்தம் தெரிவிக்க 2010 ஆகிவிட்டது. நம்மூர் வகுப்பிலோ "கையக் கட்டு, வாயப் பாரு" இன்னும் ஒழியவில்லை. பண்ணாடி முன்னால் கைகட்டி நின்றான் பாட்டன். வாத்தியார் முன்னால் கைகட்டி நிற்கிறான் பேரன். அவனுக்குக் கைதானே நாக்கு?

அமெரிக்கத் தெற்கில் கறுப்பருக்குத் தனிப்பள்ளி வைத்து ஒதுக்கினார்கள். வாய்ப்பேச்சுப் பயிற்சிக்கு ஆகும் செலவெல்லாம் வெள்ளைப் பிள்ளைகளுக்குத்தான். ஆனால் ஒதுக்கப்பட்ட அந்தப் பள்ளிகளில்தான் சைகை தழைத்துத் தனி வழக்காகவே வளர்ந்தது. 1954இல் கல்லாடெட் கல்லூரியில் பட்டம் வாங்கிய முதல் கறுப்பரான ஆண்ட்ரூ ஃபாஸ்டர், பிறகு ஆப்பிரிக்காவில் முப்பதுக்கு மேற்பட்ட காது கேளாதோர் பள்ளிகளைத் திறந்தார். அவர் கையில் மொழி இருந்தது.

2011 கணக்கெடுப்பில் மாற்றுத்திறனாளிகள் மொத்த மக்களில் 2.21 சதம், தலித்துகளில் 2.45 சதம். சைகை தெரிந்த ஆசிரியர்களை, மாற்றுத்திறனாளி ஆசிரியர்கள் உட்பட, நியமிக்கச் சொல்லி 2016 சட்டம் இருக்கிறது. சட்டம் சேரிக்கு வரவில்லை. மாற்றுத்திறனாளிச் சங்கத்தில் சாதியைப் பேசாதே என்கிறார்கள். நம் இயக்க மேடையிலோ சைகையில் சொல்ல ஆளில்லை. இரண்டு இடத்திலும் இந்தப் பிள்ளை வெளியேதான் நிற்கிறது.

தன்னம்பிக்கைக் கூட்டத்துக்குச் செலவழிக்கும் காசில், காது கேளாத தலித் ஒருவரை வாத்தியாராக்குங்கள். மிச்சத்தைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.