பாதை திறந்தால் போதுமா? கேட்டில் ஆள் வேண்டாமா?

கொல்லம்–செங்கோட்டை ரயில் பாதை அகலப் பாதையாகி 2018இல் மீண்டும் திறக்கப்பட்டபோது, திருவனந்தபுரத்தில் வாழும் தமிழர்களிடையே பெரும் எதிர்பார்ப்பு எழுந்தது. தென்காசி, கடையநல்லூர், சங்கரன்கோவில், ராஜபாளையம் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக இங்கு வந்தவர்கள், இனி பஸ்ஸில் மலைப் பாதையில் குலுங்க வேண்டாம் என்று மகிழ்ந்தனர். புனலூருக்கும் செங்கோட்டைக்கும் இடையே 2010 செப்டம்பரில் நிறுத்தப்பட்ட ரயில், ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பி வந்தது. மின்மயமாக்கும் வேலையும் பின்னர் முடிந்தது. எனினும், எதிர்பார்த்ததில் எவ்வளவு கைகூடியது என்று கணக்குப் பார்த்தால் மனநிறைவுக்கு இடமில்லை.

இந்தப் பாதையின் பழைய சரித்திரம் இங்குள்ள மூத்தவர்களுக்குத் தெரியும். 1904இல் திருவிதாங்கூருக்கு முதன்முதலில் ரயில் வந்ததே இந்த வழியாகத்தான். 1918இல் கொல்லத்திலிருந்து தண்டவாளம் சாக்கை வரை நீண்டது. 1931இல் தம்பானூருக்கு வந்தது. அதன் பிறகு தம்பானூரிலிருந்து மெட்ராஸ் எழும்பூர் வரை ஒரே மீட்டர்கேஜ் தடம். சாலை பஜாருக்கு வந்த சரக்கும், கடைச் சிப்பந்திகளும், சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தாக்களும் கழுதுருட்டியின் பதின்மூன்று கண் பாலத்தைக் கடந்தே வந்தனர். 1976இல் கொல்லம்–திருவனந்தபுரம் பகுதி அகலப் பாதையானதும் தடம் கொல்லத்தோடு அறுந்தது. மூட்டை முடிச்சோடு அங்கே இறங்கி வண்டி மாற வேண்டியதாயிற்று.

மலைப் பகுதியும் இப்போது அகலப் பாதை. தடம் மறுபடி ஒன்றாகிவிட்டது. ஆனால் பாலருவி எக்ஸ்பிரஸ் தூத்துக்குடியிலிருந்து வந்து, கொல்லத்தில் வடக்கே திரும்பிப் பாலக்காட்டுக்குப் போகிறது. மதுரை–குருவாயூர் வண்டியும் அவ்வாறே. சென்னை–கொல்லம் வண்டி கொல்லத்திலேயே முடிந்துவிடுகிறது. இவற்றில் ஒன்றும் தலைநகருக்கு வருவதில்லை. தம்பானூரிலிருந்து தென்காசிக்குச் செல்கிறவர், 1976க்குப் பின் அவருடைய தகப்பனார் செய்ததைப் போலவே, கொல்லத்தில் இறங்கிக் காத்திருக்கிறார்.

இன்னும் இரண்டு வண்டிகளை விட்டால் என்ன என்று கேட்பது சுலபம். மலைப் பகுதி ஒற்றைத் தடம். வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர். ஏற்றத்தில் பின்னாலிருந்து தள்ள ஒரு துணை எஞ்சின் வேண்டும். எதிர் வண்டிக்கு வழிவிட எடமண், தென்மலை, பகவதிபுரம் போன்ற ஒரு சில ஸ்டேஷன்களை விட்டால் வேறு இடமில்லை. இத்தகைய பாதையில் எத்தனை வண்டி ஓடலாம் என்பதைத் தண்டவாளம் தீர்மானிப்பதில்லை. கிராசிங் வசதியும், சிக்னலும், அவற்றை இயக்கும் ஆட்களுமே தீர்மானிக்கின்றன.

கைகாட்டி மரங்கள் இருந்த காலத்தில் இது எல்லோருக்கும் கண்கூடாகத் தெரிந்தது. ஸ்டேஷனில் நெம்புகோலை இழுத்தால் கம்பி வழியே கைகாட்டி இறங்கும். இறங்கினால் வண்டி வருகிறது என்று பொருள். மாலையில் ஓர் ஆள் ஏணியில் ஏறி அதில் விளக்கு வைப்பார். இன்று அந்த இடத்தில் வண்ண விளக்கு எரிகிறது. ஆள் கண்ணில் படுவதில்லை. ஆதலால் ஆளே தேவையில்லை என்று நினைத்துவிடுகிறோம்.

திருவாரூர் தரும் பாடம்

செங்கோட்டை வழியாக ஓடும் எர்ணாகுளம்–வேளாங்கண்ணி எக்ஸ்பிரஸ், தமிழ்நாட்டில் காரைக்குடி–திருவாரூர் பாதையிலும் செல்கிறது. ஒரு காலத்தில் கம்பன் எக்ஸ்பிரஸ் ஓடிய அந்தப் பாதையும் பல ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2019 ஜூனில்தான் முழுமையாகத் திறக்கப்பட்டது. திறந்த பிறகு நடந்ததை நாடே வேடிக்கை பார்த்தது.

ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தூரம். வழியில் எழுபதுக்கு மேற்பட்ட கேட்டுகள். ஆளில்லாத கேட்டுகள் இனி அகலப் பாதையில் இல்லை என்று ரயில்வே இலாகா அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் பெருமையுடன் அறிவித்திருந்தது. ஆனால் இந்தக் கேட்டுகளுக்குப் போதிய ஆட்களை நியமிக்கவில்லை. ஆகவே கேட் கீப்பர்களை ரயிலிலேயே ஏற்றி அனுப்பினர். ஒவ்வொரு கேட்டுக்கும் முன்னால் வண்டி நிற்கும். முன்னால் இருப்பவர் இறங்கிக் கேட்டைச் சாத்துவார். வண்டி மெல்லக் கடந்து மறுபடி நிற்கும். பின்னால் இருப்பவர் கேட்டைத் திறந்துவிட்டு ஓடி வந்து ஏறிக்கொள்வார். பிரயாணம் ஆறு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. பஸ்ஸில் போனவர்கள் சிரித்தார்கள். பின்னர் முன்னாள் ராணுவத்தினர் உள்ளிட்டோர் ஒப்பந்த அடிப்படையில் கேட்டுகளில் அமர்த்தப்பட்டனர். வண்டியின் வேகமும் கூடியது. கோடிக் கணக்கில் செலவிட்டுப் போட்ட பாதை, அவர்கள் வந்து சேரும் வரை மாட்டு வண்டிப் பாதை போலத்தான் கிடந்தது.

கணக்கு செய்யும் தீங்கு

இது வெறும் தாமதப் பிரச்னை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். 2025 ஜூலை 8 அன்று கடலூருக்கு அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது பாசஞ்சர் ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தனர். விழுப்புரம்–மயிலாடுதுறை பாதையும் நெடுநாள் மூடியிருந்து, அகலப் பாதையாக 2010இல் திறக்கப்பட்டதுதான். விபத்து நடந்தபோது அந்தக் கேட்டில் 'இன்டர்லாக்கிங்' இருக்கவில்லை. அதாவது, கேட்டைச் சாத்திப் பூட்டினாலொழிய சிக்னல் விழாது என்கிற ஏற்பாடு அப்போது அங்கே இருக்கவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் டெலிபோனில் சொல்வதும், கேட் கீப்பர் பதில் சொல்வதுமே பாதுகாப்பாக இருந்தது.

எந்தக் கேட்டுக்கு இன்டர்லாக்கிங் வேண்டும் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? ஒரு நாளில் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையையும் சாலை வாகனங்களின் எண்ணிக்கையையும் பெருக்குகிறார்கள். பெருக்குத் தொகை 20,000 என்று இருந்த வரம்பு, செம்மங்குப்பத்துக்குப் பின் 10,000 ஆகக் குறைக்கப்பட்டது. நல்லதுதான். ஆனால் புதிதாக உயிர் பெற்ற பாதைகளில் நாளுக்கு எட்டு அல்லது பத்து வண்டிகளே ஓடுவதாகக் கொள்வோம். கேட்டை 700 வாகனங்கள் கடந்தாலும் தொகை 7,000தான். வண்டி குறைவு என்பதால் பாதுகாப்புச் சாதனம் இல்லை. சாதனமும் ஆளும் இல்லை என்பதால் வண்டியை அதிகமாக்க முடிவதில்லை. இந்தச் சுழலில் சிக்கும் பாதை, திறந்திருந்தும் பாதி மூடியதற்குச் சமம்.

டெலிபோனில் பேசுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. இரு மொழிகளுக்கு நடுவே வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2019 மே மாதம் திருமங்கலத்துக்கும் கள்ளிக்குடிக்கும் இடையே, மதுரையிலிருந்து செங்கோட்டை சென்ற பாசஞ்சரும் செங்கோட்டையிலிருந்து மதுரை வந்த பாசஞ்சரும் ஒரே தடத்தில் எதிரெதிராகச் செல்ல அனுமதிக்கப்பட்டன. நல்ல வேளையாக மோதவில்லை. ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் பேசியது மற்றவருக்குச் சரியாக விளங்காததே காரணம் என்று கூறப்பட்டது. அடுத்த மாதமே, ஊழியர்கள் இந்தியில் அல்லது ஆங்கிலத்தில் மட்டும் பேச வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் வாபஸாயிற்று. கேட் அருகே நிற்கும் வேன் டிரைவரிடம் எந்த மொழியில் பேசுவது என்பதற்குச் சுற்றறிக்கையில் வழியில்லை.

கேட் கீப்பரின் நிலைமையும் கவனிக்கத்தக்கது. ஊருக்கு வெளியே ஒற்றை அறை. பல இடங்களில் 12 மணி நேர வேலை. 2023 பிப்ரவரியில் பாவூர்சத்திரம் அருகே இரவுப் பணியிலிருந்த பெண் கேட் கீப்பர் ஒருவர் தாக்கப்பட்டார். அது திருநெல்வேலி–தென்காசி தடத்தில் உள்ள கேட். இங்கிருந்து ஊருக்குப் போகிறவர்களில் பலர் கடக்கும் இடம்.

திருவனந்தபுரத்திலிருந்து செங்கோட்டை வழியாக நேர் ரயில் வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. அந்த மனுவிலேயே மேலும் மூன்று வரி சேர்க்க வேண்டியிருக்கிறது: புனலூர்–செங்கோட்டைப் பகுதியில் கிராசிங் வசதி கூட்டப்பட வேண்டும்; மீண்டும் திறக்கப்பட்ட பாதைகளில் பெருக்குத் தொகையைப் பாராமல் கேட்டுகள் இன்டர்லாக் செய்யப்பட வேண்டும்; கேட்டுகளில் எட்டு மணி நேர முறைக்குப் போதிய ஆட்கள் நிரந்தரமாக நியமிக்கப்பட வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு, மலையைக் குடைந்து அகலப் பாதை போட்ட செலவில் ஒரு சிறு பங்குதான்.