கேட்டுக்கு உள்ளே நடந்தால்?

ஆலை கேட்டுக்கு வெளியே கம்பெனி பஸ் லாரியில் மோதினால் ஒரு நியாயம், உள்ளே மோதினால் வேறு நியாயமா? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆவது பிரிவு, ‘பொது இடத்தில்’ ஓடும் வண்டிக்குத்தான் இன்சூரன்ஸைக் கட்டாயமாக்குகிறது. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் பற்றிய 165-ஆவது பிரிவிலோ அந்த வரம்பே இல்லை. இந்த இடைவெளியில்தான் இன்சூரன்ஸ் வக்கீல்கள் புகுந்து விளையாடுகிறார்கள்: கல்குவாரி பொது இடமல்ல, கரும்புத் தோட்டம் பொது இடமல்ல. (அனுமதியோடு ஆட்கள் வந்துபோகும் தனியார் வளாகமும் பொது இடமே என்று உயர் நீதிமன்றங்கள் சொன்ன பிறகும்!) பஸ்ஸில் இருந்தவர் கால் உடைந்து கிடக்க, வழக்கு நிலத்தின் தன்மையைப் பற்றியதாகிவிடுகிறது. அந்த இரண்டு சொற்களையும் நாடாளுமன்றம் நீக்கட்டும். பிரீமியம் ஏறுமென்றால் ஏறட்டும். ஆலை முதலாளிகளும் குவாரி முதலாளிகளும் கட்டட்டும்.