ரெண்டும் வெள்ளைதானே?

ஹாலுக்குச் சுத்த வெள்ளை வேண்டாம், அழுக்குத் தெரியும். அடர் மஞ்சளும் வேண்டாம், இருட்டடிக்கும். இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் பல வீடுகளில் கடைசியில் மிஞ்சுவது இரண்டு ஷேடு: ஐவரி, இல்லையென்றால் லேசாகச் சாம்பல் ஓடும் ஆஃப் ஒயிட். அக்கா வீட்டிலும் இதே பஞ்சாயத்துதான். "ரெண்டும் ஒண்ணுதாங்க, சீக்கிரம் சொல்லுங்க, பக்கெட் எடுக்கணும்" என்கிறார் பெயிண்டர்.

கலவை மெஷினைப் பார்த்தால் அவர் சொல்வதில் தப்பில்லை. இரண்டுக்கும் அடிப்படை டைட்டானியம் டை ஆக்சைடு போட்ட அதே வெள்ளை பேஸ். ஐவரிக்கு மஞ்சள் கொஞ்சம் கூட, மற்றதற்குக் கறுப்பு கொஞ்சம் கூட. சுவர் முழுக்க ஏறிய பிறகுதான் அந்தச் சில சொட்டுகள் வேலையைக் காட்டும்.

அக்கா வீட்டுத் தரை பழைய ரெட் ஆக்சைடு. காலை வெயில் அதில் பட்டுச் சுவரின் கீழ்ப்பாதியில் ஏறும்போது, ஐவரி கிட்டத்தட்ட ரோஸ் ஆகிவிடுகிறது. சாம்பல் சாயலுக்கோ அந்தச் சிவப்பால் ஒரு களை வருகிறது. ராத்திரி கதையே வேறு. 6500 கெல்வின் எல்.இ.டி. டியூப்லைட்டின் நீல வெளிச்சத்தில் ஐவரியின் மஞ்சள் அடங்கி நிதானமாகிறது. மற்றது ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி வெளிறிப்போகிறது.

இரண்டையும் சுவரில் அருகருகே அடித்துப் பார்த்து முடிவெடுக்கலாமா? பாரிஸின் கோப்லன் நெசவாலையில் சாயத்துக்குப் பொறுப்பாக இருந்த ஷெவ்ரூல் என்ற வேதியியலாளரிடம், கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறதென்று புகார் வந்தது. சாயத்தில் குறையில்லை, பக்கத்து நூலின் நிறம்தான் அதை அப்படிக் காட்டுகிறது என்று கண்டுபிடித்து, 1839-இல் தடித்த புத்தகமே போட்டார். அருகருகே வைத்தால் நிறங்கள் ஒன்றின் வித்தியாசத்தை ஒன்று பெரிதாக்கும். சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பட்டை அடித்துப் பார்ப்பதில் இதுதான் சிக்கல். அடித்து முடித்த ஹாலில் இன்னொன்று இருக்கவே போவதில்லையே!

சார்ட் பேப்பரில் தனித்தனியே இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காயவிட்டு, ஒன்றை ஒளித்துவைத்துவிட்டு ஒன்றை மட்டும் தரையோரம், தேக்குக் கதவோரம் ஒட்டிப் பாருங்கள். விளக்குப் போட்ட பிறகும் பாருங்கள்.

என் ஓட்டு ஐவரிக்கு. அந்த ஹாலில் எல்லோரும் கூடுவதே ராத்திரியில்தான். டியூப்லைட்டையும் 4000 கெல்வினுக்கு மாற்றலாமே என்றேன். அத்தான் ஒத்துக்கொள்ளவில்லை, பேப்பர் படிக்க வெளிச்சம் போதாதாம்.