ஒரே மாணவர், இரண்டு பட்டங்கள்... கையெழுத்துப் போடும் முன் பெற்றோர் கவனிக்க வேண்டியவை!

`ஒரு டிகிரி முடிக்கிறதுக்கே நாக்கு தள்ளுது. இதுல ஒரே நேரத்துல ரெண்டா?' - பிள்ளை இரட்டைப் பட்டப்படிப்பு என்று ஆரம்பித்தால், எந்த ஊர்ப் பெற்றோரும் கேட்கும் முதல் கேள்வி இது. நம் நாட்டில் ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிக்க யு.ஜி.சி. 2022-ல்தான் வழிவிட்டது. நியூயார்க்கிலோ இது பல பத்தாண்டுப் பழக்கம். அங்கே யூதக் குடும்பங்களில் அதிகம் பேசப்படும் ஒரு படிப்பை எடுத்துக்கொள்வோம். நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும், `டூயல் டிகிரி' விளம்பரத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

என்ன படிப்பு இது?

மன்ஹாட்டன் பிராட்வே சாலையில் கொலம்பியா பல்கலைக்கழகமும், பெண்களுக்கான பர்னார்டு கல்லூரியும் எதிரெதிரே இருக்கின்றன. அங்கிருந்து நடக்கும் தூரத்திலேயே 1886-ல் தொடங்கப்பட்ட ஜூயிஷ் தியாலஜிக்கல் செமினரி. சுருக்கமாக ஜே.டி.எஸ். இதன் இளநிலைப் பிரிவான லிஸ்ட் கல்லூரியில் சேருபவர், கொலம்பியாவிலோ பர்னார்டிலோ கூடவே படிக்கலாம். அங்கே பொருளாதாரம், உயிரியல் என்று ஒரு பட்டம். இங்கே ஹீப்ரு பைபிள், டால்முட், யூத வரலாறு என்று இன்னொரு பட்டம். ஒரு பட்டத்துக்குள் இரண்டு மேஜர் எடுப்பது வேறு. இங்கே இரண்டு நிறுவனங்கள் தனித்தனியாகப் பட்டம் தருகின்றன.

`என் பிள்ளை மதகுருவாகிடுவானா?'

பயம் வேண்டாம். ரபி எனப்படும் யூத மதகுருவாக, இளநிலைப் பட்டம் முடித்த பிறகு தனிப் பள்ளியில் சேர்ந்து பல வருடங்கள் படிக்க வேண்டும். லிஸ்ட் கல்லூரியில் நடப்பது இளநிலைக் கல்லூரிப் படிப்பு. புனித நூலைக்கூட `யார் எழுதினார்கள், எந்தக் காலம், என்ன சூழல்' என்று கேள்வி கேட்டே படிக்கிறார்கள்.

1965-ல் செல்மாவில் மார்ட்டின் லூதர் கிங்குடன் ஊர்வலம் போன ஆபிரகாம் யோசுவா ஹெஷல் இங்கே பேராசிரியராக இருந்தவர். பெண்களை ரபி படிப்பில் சேர்க்க 1983-ல் முடிவெடுத்து, 1985-ல் தன் முதல் பெண் ரபியை உருவாக்கியதும் இதே நிறுவனம்தான். `மதக் கல்லூரி' என்றதும் நம் மனதில் வரும் படத்தோடு இது ஒத்துப்போகாது.

பர்ஸைக் கவனியுங்க!

பெற்றோர் தடுமாறும் இடம் இதுதான். `கொலம்பியாவில் சீட்' என்றதும், பண உதவியில் தாராளமான கொலம்பியா காலேஜைத்தான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால், இந்தக் கூட்டுப் படிப்பு நடப்பது `ஸ்கூல் ஆஃப் ஜெனரல் ஸ்டடீஸ்' என்ற பிரிவு வழியாக. பட்டம் கொலம்பியா பட்டம்தான். வகுப்பறையும் பேராசிரியர்களும் பொதுதான். பண உதவி விதிகள் மட்டும் வேறு. கொலம்பியா காலேஜ், குடும்பத்தின் தேவை முழுவதையும் உதவித்தொகையால் ஈடுகட்டுவதாக உறுதி தருகிறது; ஜெனரல் ஸ்டடீஸில் அந்த உறுதி கிடையாது. பிராஸ்பெக்டஸில் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போட்டால், முதல் பில் வரும்போது கை நடுங்கும்.

வளாகத்தில் நடந்தது என்ன?

கல்விக் கட்டணத்தைவிடப் பெரிய கவலை ஒன்று இப்போது சேர்ந்திருக்கிறது. 2023 அக்டோபரில் இஸ்ரேல் மீது ஹமாஸ் தாக்குதல், தொடர்ந்து காஸா போர். 2024 ஏப்ரலில் கொலம்பியா புல்வெளியில் பாலஸ்தீன ஆதரவு மாணவர்களின் கூடாரங்கள். போலீஸ் வந்தது, கைதுகள் நடந்தன. ஆகஸ்ட்டில் பல்கலைக்கழகத் தலைவர் மினூஷ் ஷஃபீக் பதவி விலகினார். யூத மாணவர்களைக் காக்கத் தவறியதாகச் சொல்லி, 2025 மார்ச்சில் 40 கோடி டாலர் நிதியை டிரம்ப் அரசு ரத்து செய்தது. ஜூலையில் 20 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு கொலம்பியா சமரசம் செய்துகொண்டது.

இதில் ஒரு விஷயத்தைப் பெற்றோர் தவறவிடக் கூடாது. யூத மாணவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் நிற்கவில்லை. `நடந்து போகவே பயமாக இருக்கிறது' என்றவர்களும் உண்டு. அதே கூடாரங்களுக்குள் உட்கார்ந்து பஸ்கா விருந்து நடத்திய யூத மாணவர்களும் உண்டு. இரண்டு வளாகங்களிலும் படிக்கும் பிள்ளை இந்த இரண்டு குரல்களையும் தினமும் கேட்பாள். அதனால், `அங்கே பாதுகாப்பா?' என்பதோடு, `சண்டை வந்தா நீ யாரிடம் போய்ப் பேசுவே?' என்றும் அவளிடம் கேளுங்கள்.

கேட்டே ஆக வேண்டிய கேள்விகள்

* எத்தனை பாடங்கள் இரண்டு பட்டங்களுக்கும் கணக்கில் வரும்? நான்கு வருடத்தில் முடியுமா, கோடை வகுப்பும் தேவையா?

* கட்டணம் யாருக்கு, எவ்வளவு? உதவித்தொகை எந்த நிறுவனத்திடமிருந்து? எழுத்தில் வாங்குங்கள்.

* விடுதி எந்த வளாகத்தில்?

* நடுவில் ஒரு பட்டத்தை விட்டுவிட்டால் இன்னொன்று தொடருமா?

* அறிவியல் எடுத்தால், லேப் நேரமும் ஹீப்ரு வகுப்பும் மோதுமா?

`இதைப் படிச்சா வேலை கிடைக்குமா?' என்பதும் நியாயமான கேள்விதான். வேலைக்கான வாசல், இன்னொரு பட்டத்திலும் இருக்கிறது. யூதக் கல்வியால் கிடைப்பது பழைய நூல்களை வரிவரியாகப் பிரித்து வாதாடும் பழக்கம். அது பிள்ளைக்கு உண்மையிலேயே பிடித்திருக்கிறதா, அல்லது பெரிய பல்கலைக்கழகத்துக்குள் நுழையும் பின்வாசலாகப் பார்க்கிறதா? பின்வாசல் என்றால், இரண்டாவது வருடத்தில் டால்முட் பக்கங்கள் குவியும்போது தாக்குப்பிடிப்பது கஷ்டம். பணம் கட்டும் முன், ஒரு மாலை நேரம் ஒதுக்கி இதைப் பேசிவிடுங்கள். அப்போது நீங்கள் குறைவாகப் பேசி, பிள்ளையை அதிகம் பேச விடுங்கள்!