'ஒத்துப்போகுமா?' Vs 'விடுவாங்களா?': ஜப்பான் மாங்காவின் பொருந்தாத ஜோடிகளும் ராமேஸ்வரம் கரையின் காதலும்

ஒரு உளவாளி. பெரிய பள்ளிக்கூடத்துக்குள் நுழைய அவருக்கு அவசரமாக ஒரு குடும்பம் தேவைப்படுகிறது. ஒரு குழந்தையைத் தத்தெடுக்கிறார், முன்பின் அதிகம் தெரியாத பெண்ணைப் பெயருக்குக் கல்யாணம் செய்துகொள்கிறார். அந்தப் பெண் கூலிக்குக் கொலை செய்பவர் என்பது அவருக்குத் தெரியாது. இவர் உளவாளி என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. இதுதான் 2019ல் தொடங்கிய 'ஸ்பை x ஃபேமிலி' மாங்கா.

இதைக் கேட்டதும் பழைய தமிழ்ப் படம் பார்ப்பவர்களுக்கு எங்கேயோ பொறி தட்டும். பள்ளிக்கூட வேலைக்குப் படித்த தம்பதிதான் வேண்டும் என்று ஜமீன்தார் சொல்கிறார். வேலை இல்லாத இந்து இளைஞரும், கடன் நெருக்கடியில் இருக்கும் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்ணும் கணவன் மனைவி என்று பொய் சொல்லி வேலைக்குச் சேர்கிறார்கள். 1955ல் எல்.வி.பிரசாத் இயக்கத்தில் ஜெமினி கணேசனும் சாவித்திரியும் நடித்த 'மிஸ்ஸியம்மா'.

அறுபது வருஷத்துக்கு மேல் இடைவெளி, இரண்டு நாடு, ஒரே மாதிரி முடிச்சு. ஆனால் முடிச்சை அவிழ்க்கும் விதம் ஒன்றல்ல. பொருந்தாத ஜோடி மாங்காக்கள் இன்று செல்போனில் ஏன் இவ்வளவு விரும்பிப் பார்க்கப்படுகின்றன என்பதற்கான பதில் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை நல்ல இடம்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

ஜப்பான் படக்கதைதான் மாங்கா. அது கார்ட்டூனாக மாறினால் அனிமே. 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' படம் 2025 செப்டம்பர் 12ஆம் தேதி தமிழ் டப்பிங்கிலும் தியேட்டருக்கு வந்தது. 'சோலோ லெவலிங்' மாதிரித் தொடர்களைத் தமிழிலேயே பார்க்க முடிகிறது. சண்டைக் கதைகள் கதவைத் திறந்துவிட்டன. பின்னாலேயே சத்தமில்லாமல் உள்ளே வருபவைதான் ரொமான்டிக் காமெடிகள்.

இதில் என்ன விசேஷம்?

'லவ்லி காம்ப்ளெக்ஸ்' என்ற மாங்காவை எடுத்துக்கொள்ளலாம். அயா நகஹாரா 2001 முதல் 2006 வரை எழுதி வரைந்தது. நாயகியின் உயரம் 172 சென்டிமீட்டர், நாயகன் 156. வகுப்பில் இருவரும் எல்லோருக்கும் கேலிப் பொருள். ஆரம்பத்தில் ஆளுக்கு ஒருவர் மேல் காதல், அது கைகூட ஒருவருக்கொருவர் உதவுகிறார்கள். அப்புறம்தான் நாயகிக்கு இவன் மேலேயே மனசு திரும்புகிறது. கதை முழுக்க வில்லன் யாரும் இல்லை. 16 சென்டிமீட்டர்தான் வில்லன்.

'காகுயா-சாமா'வில் (2015-2022) பணக்கார வீட்டுப் பெண், ஏழை வீட்டு முதல் மாணவன். நம் ஊரில் இந்த ஜோடியைப் பார்த்தால் அடுத்த காட்சியில் அடியாட்கள் டாடா சுமோவில் வருவார்கள். அங்கே பிரச்சினையே வேறு: யார் முதலில் காதலைச் சொல்வது? சொன்னவர் தோற்றவர். இந்த வீம்பை வைத்தே பல வருஷம் கதை ஓடியது.

'ரான்மா ½' இன்னும் வேடிக்கை. அப்பாக்கள் இருவரும் பேசி முடித்த நிச்சயதார்த்தம். பையனுக்கும் பெண்ணுக்கும் ஒருவரை ஒருவர் கண்டாலே ஆகாது. போதாக்குறைக்குப் பச்சைத் தண்ணீர் பட்டால் பையன் பெண்ணாக மாறிவிடுவான். 1987ல் ருமிகோ தகஹாஷி தொடங்கிய இந்தக் கதை, 2024 அக்டோபரில் புது அனிமேவாக மறுபடி வந்தது. பெரியவர்கள் பார்த்து வைத்த சம்பந்தம் என்பதால் இதைத் தமிழ் ஆட்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை.

ஆனால் இந்த வகையில் உச்சம் எது என்றால், அதே தகஹாஷியின் 'மெசோன் இக்கொகு' (1980-87). கல்லூரி நுழைவுத் தேர்வில் தோற்ற இளைஞன் ஒரு பழைய வாடகை விடுதியில் தங்கியிருக்கிறான். அந்த விடுதியைப் பார்த்துக்கொள்ள வருபவர் இளம் விதவை. இறந்த கணவனின் பெயரையே வளர்க்கும் நாய்க்கும் வைத்திருப்பவர். நாயைக் கூப்பிடும்போதெல்லாம் இளைஞனுக்குச் சுருக்கென்கிறது. ஏழு வருஷத் தொடரின் முடிவில் அவன் அந்தக் கணவனின் கல்லறைக்குப் போய்ப் பேசுகிறான். உங்களை மறக்கச் சொல்ல மாட்டேன், உங்களையும் சேர்த்தே அவரை ஏற்றுக்கொள்கிறேன் என்கிற அர்த்தத்தில். அந்தப் பெண்ணின் பழைய வாழ்க்கை அழிக்கப்படவில்லை. அதுவும் கூடவே புது வீட்டுக்கு வருகிறது.

கவனிக்க வேண்டியது இதைத்தான். பொருத்தமின்மை கடைசி வரை அப்படியே இருக்கிறது. 156 சென்டிமீட்டர் பையன் கடைசி அத்தியாயத்திலும் குள்ளம்தான்.

இதற்குத் தொழில் காரணமும் உண்டு. மாங்கா வார, மாதப் பத்திரிகையில் துண்டு துண்டாக வருவது. இரண்டரை மணி நேரத்தில் முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எதிரி ஒருவனை அடித்துப் போட்டால் அந்த வாரத்தோடு கதை தீர்ந்துவிடும். இரண்டு பேரின் குணமே மோதினால் வாராவாரம் புதுச் சண்டை, புதுச் சமாதானம். தமிழில் இதற்குப் பக்கத்தில் வருவது சினிமா அல்ல, மாத நாவல். மோதலில் தொடங்கி, கல்யாணத்துக்குப் பிறகு மெல்ல ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளும் ரமணிசந்திரன் கதைகளைப் பஸ்ஸில் படித்த தலைமுறைக்கு இந்த ருசி பழகியதுதான்.

தமிழ்த் திரையில் பொருந்தாத ஜோடிக்கு என்ன ஆகும்?

மறுபடி 'மிஸ்ஸியம்மா'வுக்கு வருவோம். கிறிஸ்தவப் பெண், இந்து ஆண். எப்படிச் சேர்த்து வைத்தார்கள்? அந்தப் பெண் உண்மையில் அந்த ஜமீன்தாரின் தொலைந்துபோன மகள் என்று கடைசியில் தெரியவருகிறது! பொருந்தாத ஜோடி என்று நாம் நினைத்தது பொருந்திய ஜோடியாகிவிடுகிறது. வித்தியாசத்தோடு வாழ்வது எப்படி என்ற கேள்வி எழும்பும் முன்னாலேயே வித்தியாசம் காணாமல் போகிறது. அழகான படம்தான், ஆனால் தப்பித்துக்கொண்ட படம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. திரையில் பொய்த் தம்பதியாக நடித்த அந்த இருவரும் அதற்கு முன்பே, 1952ல், ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். ஜெமினிக்கு ஏற்கெனவே குடும்பம் இருந்தது. இந்த ஜோடிதான் 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் விழுங்கியபோது ராமேஸ்வரத்தில் இருந்து உயிர் தப்பியது. ரயிலோடு பயணிகளைக் கடல் கொண்டுபோன அதே புயல்.

அதற்குப் பிறகு இந்தத் தீவைத் தொட்ட இரண்டு காதல் படங்களைச் சொல்லலாம். 2007ல் வந்த 'ராமேஸ்வரம்' படத்தில் ஜீவா இலங்கையிலிருந்து படகில் வந்த அகதி இளைஞர், பாவனா ஊர்ப் பெரிய மனிதரின் மகள். இருவருக்கும் குணம் ஒத்துப்போகிறதா, பேச்சு ஒத்துப்போகிறதா என்பது படத்துக்கு முக்கியமில்லை. ஊர் விடுமா என்பதுதான் கதை.

2013ல் வந்த ஹிந்திப் படம் 'சென்னை எக்ஸ்பிரஸ்'. தாத்தாவின் அஸ்தியை ராமேஸ்வரத்தில் கரைக்கச் சொல்லிப் பாட்டி அனுப்புகிறார். பேரன் ஷாருக்கானோ கோவாவுக்கு நழுவப் பார்க்கிறார். ரயிலில் தமிழ்ப் பெண்ணாகத் தீபிகா படுகோன் ஏறுகிறார். தமிழ் புரியாத நாயகன் என்ற நல்ல காமெடி முடிச்சு. அடியாட்களுக்குப் புரியாமல் ஹிந்திப் பாட்டு மெட்டில் இருவரும் ரகசியம் பேசிக்கொள்ளும் இடங்களில் படம் கிட்டத்தட்ட ஒரு மாங்கா. தமிழர்களைச் சித்தரித்த விதம் பற்றிப் புகார் இருந்தது, நியாயமான புகார். ஆனால் ரொமான்டிக் காமெடியாக அது சறுக்கிய இடம் வேறு. கடைசியில் ஹீரோ ரத்தம் சொட்டச் சண்டை போட்டு, அப்பா சத்யராஜின் மனதை மாற்றுகிறார். தாய்மொழி வேறான இருவர் எப்படிக் குடும்பம் நடத்துவார்கள் என்ற சுவாரசியமான பகுதி தொடங்கும் முன்பே படம் முடிந்துவிடுகிறது.

மாங்கா கேட்பது 'இவங்க ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகுமா?'. நம் படங்கள் கேட்பது 'இவங்களை விடுவாங்களா?'. முதல் கேள்வியில் சிரிப்பு வரும். இரண்டாவதில் வருவது பயம்.

நம் படங்களைக் குறை சொல்லி என்ன பயன்?

இந்தக் கரையில் பொருத்தமின்மை என்பது உயரம் அல்ல என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அப்துல் கலாம் தன் 'அக்னிச் சிறகுகள்' நூலில் ராமேஸ்வரம் பள்ளி ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் பற்றிச் சொல்கிறார். மாணவன் கலாமை வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார் ஐயர். முஸ்லிம் பையனுக்குத் தன் சமையலறையில் பரிமாற அவர் மனைவி மறுத்தார். ஐயர் தானே பரிமாறி, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். அடுத்த வாரமும் வரச் சொன்னார். அந்தத் தடவை மனைவியே உள்ளே அழைத்துத் தன் கையால் பரிமாறினார். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கே இவ்வளவு. இது கல்யாணம்.

வெவ்வேறு மதத்தவர் மதம் மாறாமல் மணக்க வேண்டும் என்றால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்தான் பொதுவான வழி. அதில் 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், அது பதிவு அலுவலகத்தில் ஒட்டப்படும். வார மாங்காவில் 30 நாள் என்றால் நாலு அத்தியாயம், அவ்வளவுதான். வீட்டுக்குத் தெரியாமல் வந்த ஜோடிக்கு அது நீண்ட ஒரு மாதம்.

சாதி விட்டுச் சாதி மணப்பவர்களுக்குத் தமிழக அரசு உதவித் திட்டங்கள் வைத்திருக்கிறது. தகுதியும் படிப்பும் பொறுத்து 25,000 அல்லது 50,000 ரூபாய், தாலிக்கு 8 கிராம் தங்கம். அதே மாநிலத்தில்தான் 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் பட்டியலின ஐடி இளைஞர் ஒருவர் காதல் காரணமாகப் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். அதன் பிறகு, ஆணவக் கொலைகளைத் தடுக்கும் சட்டத்துக்குப் பரிந்துரை அளிக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று அக்டோபரில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது.

மண்டபம் முகாமில் இன்னொரு சிக்கல்

'ராமேஸ்வரம்' படத்து ஜோடி நிஜத்தில் கல்யாணம் செய்துகொண்டால் என்ன நடக்கும்? ஊர் விட்டாலும் சட்டம் குறுக்கே நிற்கும். இந்தியரை மணந்து ஏழு வருஷம் இங்கே வாழ்ந்தவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று குடியுரிமைச் சட்டம் சொல்கிறது. ஆனால் அவர் 'சட்டவிரோத குடியேறி'யாக இருக்கக் கூடாது. உயிருக்குப் பயந்து தனுஷ்கோடி மணல் திட்டில் வந்து இறங்கியவர் பாஸ்போர்ட் விசாவோடு வந்திருப்பாரா? அங்கேதான் விண்ணப்பம் மாட்டிக்கொள்கிறது.

பிள்ளைகளுக்கும் இது தொடர்கிறது. 2004 டிசம்பர் 3 முதல் இங்கே பிறந்தவர்களுக்கு, பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தாலும் மற்றவர் சட்டவிரோத குடியேறி என்றால் பிறப்பால் குடியுரிமை கிடையாது. 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அதனால்தான் 1986ல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட முடிந்தது. முகாமில் அக்காவுக்கு ஒரு நாடு, தம்பிக்கு நாடில்லை என்று ஒரே வீட்டில் நடக்கக்கூடிய கணக்கு இது.

2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணமில்லாமல் தங்கியதற்கான தண்டனையிலிருந்து மத்திய அரசு 2025 செப்டம்பரில் விலக்கு அளித்தது. பெரிய நிம்மதி. ஆனால் அது குடியுரிமை தரும் உத்தரவு அல்ல.

அப்படியானால் மாங்கா வெறும் தப்பித்தலா?

கொஞ்சம் அப்படித்தான். உயரம், பணம், கூச்சம் இவற்றை ஜோக் ஆக்குவது சுலபம். ஜப்பானிலேயே கொரிய வம்சாவளியினர் கல்யாண விஷயத்தில் சந்தித்த பாகுபாடு, பள்ளிக்கூடக் காதல் மாங்காக்களில் அபூர்வமாகத்தான் தலைகாட்டும். பெண்களைத் தொந்தரவு செய்வதைச் சிரிப்பாக்கிய பழைய மாங்காக்களும் நிறைய. அதில் நம் சினிமாவுக்கு அவை சளைத்தவை அல்ல.

ஆனாலும் இந்தக் கதைகள் ஒரு வேலையைச் செய்கின்றன. வெளியே இருந்து யாரும் அரிவாளோடு வர மாட்டார்கள் என்ற உத்தரவாதத்தைக் கொடுத்துவிட்டு, இரண்டு பேரை ஒரு அறையில் உட்காரவைக்கின்றன. அப்புறம்தான் தெரிகிறது, காதலில் பேசித் தீர்க்க எவ்வளவு விஷயம் இருக்கிறது என்று. யார் முதலில் மன்னிப்புக் கேட்பது, யாருடைய நண்பர்கள் வீட்டுக்கு வரலாம், பழைய காதலை எங்கே வைப்பது. எதிர்ப்புக்குப் பயந்து ஓடிக்கொண்டே இருக்கும் ஜோடிக்கு இதையெல்லாம் பேச நேரம் கிடைப்பதில்லை. திரையிலும் சரி, வெளியிலும் சரி.

ராமேஸ்வரம் மாதிரியே ஜப்பானிலும் ஒரு தீவு உண்டு, ஷோடோஷிமா. அங்கே பாம்பன் பாலம் மாதிரி எதுவும் இல்லை, படகில்தான் போக வேண்டும். 'கரகாய் ஜோசு நோ தகாகி-சான்' என்ற மாங்காவின் பின்னணி அந்தத் தீவுதான். பத்து வருஷம் ஓடிய கதையில் நடப்பது ஒன்றே ஒன்று: வகுப்பில் பக்கத்து இருக்கைப் பெண் ஒரு பையனைக் கிண்டல் செய்துகொண்டே இருக்கிறாள், அவனால் ஒரு தடவைகூடத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. இவர்கள் பின்னால் கல்யாணம் செய்து, மகளும் பிறந்து, அப்போதும் அவள் கிண்டல் செய்வதாக ஒரு கிளைக் கதையே தனியாக வந்துவிட்டது. முடிவு தெரிந்த பிறகும் வாசகர்கள் தொடரை விடவில்லை. ரசிகர்கள் இன்றும் படகு ஏறி அந்தத் தீவுக்குப் போய், இருவரும் நடந்த படிக்கட்டையும் கடற்கரையையும் பார்த்துவிட்டு வருகிறார்கள்.